ஊர்ப் பேரும் வேண்டாம், ஊரான் வீட்டுப் பேரும் வேண்டாமா?

கேள்வி: எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. கோவையில் இருக்கிறோம். என் கணவர் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மேல் அவருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பெரிய மரியாதை. பையனுக்கு 'ஃபாரடே' என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்கிறார். நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம். சின்ன வயதில் அப்பா என்னைச் சைக்கிளில் கொற்கைக்கு அழைத்துப் போய் அந்தப் பழைய வன்னி மரத்தைக் காட்டுவார். எனக்குக் 'கொற்கை' என்று வைக்க ஆசை. மாமியார் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "எம் பேரனுக்கு ஊர்ப் பேரும் வேண்டாம், ஊரான் வூட்டுப் பேரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மாமனார் பழனிச்சாமி தவறி மூன்று வருடம் ஆகிறது; இருந்திருந்தால் அவர் பேசி முடித்திருப்பார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பையனைக் கேலி செய்வார்களா? பின்னால் சட்டச் சிக்கல் வருமா? பாஸ்போர்ட்டுக்குச் சர்நேம் என்ன போடுவது? பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில் அளிப்பவர்: ஆவணங்களில் பெயர் திருத்தம், பெயர் மாற்றம் தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பிள்ளைக்கு இன்ன பெயர் வைக்கலாம், இன்ன பெயர் கூடாது என்று நம் சட்டத்தில் பட்டியல் எதுவும் கிடையாது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பெயரைப் பதியச் சொல்கிறது, அவ்வளவுதான். அது சாமி பெயரா, ஊர்ப் பெயரா, வெள்ளைக்காரர் ஒருவரின் குடும்பப் பெயரா என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால், குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். உங்கள் கையில் இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. இன்றே முடிவு செய்தாக வேண்டும் என்று வீட்டில் யாரும் யாரையும் நெருக்க வேண்டியதில்லை.

ஆனால் வருடக்கணக்கில் இழுத்துவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். அம்மா ஒரு பெயர் சொல்கிறார், அப்பா வேறொரு பெயர் சொல்கிறார். குழந்தைக்கு நான்கு வயது நெருங்கியும் சான்றிதழில் பெயர் இல்லை. பெயரில்லாத சான்றிதழைப் பள்ளிக்கூடம் ஏற்கவில்லை. கடைசியில் நீதிமன்றமே அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தது. உங்கள் வீடு அந்த நிலையில் இல்லை. பாசம் இருக்கிற வீடுதான், கடிதத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் பெயர் விஷயத்தில் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, மாமியார் சொன்னதற்கு வருவோம். 'ஊர்ப் பேர் வேண்டாம்' என்கிறாரே, அவர் கணவரின் பெயரே ஊரிலிருந்து வந்ததுதானே! பழனிச்சாமி என்றால் பழனியில் இருக்கும் சாமி. கொங்கு நாட்டில் எந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் படித்தாலும் வெள்ளியங்கிரி, மருதாசலம், சென்னியப்பன் என்று வரிசையாக மலைகளும் ஊர்களும் நிற்கும். மருதமலை இல்லாமல் மருதாசலம் ஏது? கோவையில் கல்விக்காக வாழ்ந்த தி. சு. அவிநாசிலிங்கத்தின் பெயரில் அவிநாசி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் என்ன? பாபநாசம், குற்றாலம், செந்தூர்பாண்டி என்று மனிதர்கள் நடமாடுகிறார்கள். தூத்துக்குடியில் கப்பல் விட்ட வ. உ. சி. பிறந்தது ஓட்டப்பிடாரம், பெயரோ சிதம்பரம். அண்ணாமலை, அருணாசலம், திருப்பதி, காசி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இஸ்லாமியக் குடும்பங்களில் நாகூர் மீரான், நாகூர் கனி உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் வேளாங்கண்ணி உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது செந்தில். உங்கள் வகுப்பில் குறைந்தது இரண்டு செந்திலாவது இருந்திருப்பார்கள். முருகன் பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது திருச்செந்தூரின் பழைய பெயர். புறநானூற்றின் 55ஆம் பாட்டில் அலை மோதும் செந்திலில் நெடுவேள் நிற்கிறான் என்று வருகிறது. செந்தில் அங்கே கடற்கரை ஊர்தான். ஊரின் பெயர் சாமிக்குப் போய், சாமியிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. இன்றைக்குச் செந்தில் என்று கூப்பிட்டால் யாருக்கும் ஊர் ஞாபகம் வருவதில்லை.

'ஊரான் வீட்டுப் பேர்' பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருடைய குடும்பப் பெயரை எடுத்துப் பிள்ளைக்குச் சொந்தப் பெயராக வைப்பதில் தமிழ்நாட்டை மிஞ்ச ஆளில்லை. நேரு, போஸ், காந்தி, படேல், லிங்கன், கென்னடி, மார்க்ஸ், டார்வின், எடிசன், இங்கர்சால் என்று நம் ஊர் வாக்காளர் பட்டியலில் யார்தான் இல்லை? இந்தப் பெயர்கள் இங்கே வந்ததும் ஒரு நல்ல காரியம் நடந்தது. போஸ் என்பது வங்காளத்தில் காயஸ்தர்களின் குடும்பப் பெயர். காந்தி என்பது குஜராத்தில் மளிகை வியாபாரத்தோடு ஒட்டிய பெயர். நேரு என்பது காஷ்மீரப் பண்டிதக் குடும்பம் ஒன்றின் பெயர். அங்கெல்லாம் பெயரைச் சொன்னதும் குலம் தெரிந்துவிடும். இங்கே ஒரு போஸைப் பார்த்து அவர் என்ன சாதி என்று யாராலும் சொல்ல முடியாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள், பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தை எடுத்துப் போட்டுவிட்டு, முன்னால் தாங்கள் மதித்த ஒருவரின் பெயரை வைத்தன. உங்கள் கணவரின் ஆசை அந்த வழியில் வருவதுதான். இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்லும் உறவினர்களிடம் தாராளமாக இதைச் சொல்லுங்கள்.

அதற்காக எந்தக் குடும்பப் பெயரையும் எடுத்து வைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய மனிதரின் பெயர் வந்தால் அவருடைய கணக்கு வழக்கும் கூடவே வரும். நம் முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. நான்கு நாள் கழித்து மார்ச் 5 அன்று சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த தந்தை அந்தப் பெயரையே மகனுக்கு வைத்தார். அந்தப் பெயரோடு ரஷ்யாவுக்குப் போனபோது விமான நிலையத்தில் எல்லோரும் தன்னை ஒரு மாதிரி பார்த்ததாக அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அதற்குள் அந்த நாடே தன் ஸ்டாலினைப் பற்றி மனம் மாறியிருந்தது. 1961இலேயே ஸ்டாலின்கிராட் நகரம் வோல்கோகிராட் ஆகிவிட்டது. நகரத்துக்குப் பெயர் மாற்ற ஓர் அரசாணை போதும். மனிதனுக்கு அப்படி இல்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிறவர், நேற்று இறந்தவர், இன்றைய அரசியல்வாதி, இன்றைய விளையாட்டு வீரர், இவர்களின் பெயர் வேண்டாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுவேன். அவர்களைப் பற்றிய தீர்ப்பு இன்னும் வரவில்லை. அது உங்கள் பையன் கல்லூரி போகும்போது வரும்.

ஃபாரடே விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. 1791இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர். 1831இல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, உங்கள் கணவர் கையால் சுற்றும் மோட்டாரும் இல்லை. சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். ஒரு தொழிலாளியின் பிள்ளை சுமக்க இதைவிடக் கண்ணியமான பெயர் கிடைப்பது கஷ்டம். கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மகனுக்கு இந்தப் பெயரை விரும்புவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதை உங்கள் அப்பா ஏற்கெனவே கவனித்திருப்பார். தமிழில் பலரும் ஃ போட மாட்டார்கள். பையன் 'பாரடே' ஆகிவிடுவான். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையனைப் பார்த்து 'இங்க பாரடே' என்பது எல்லா வாயிலும் வருகிற பேச்சு. தாத்தா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனால் தெருவே இவனைக் கூப்பிடுவது போல இருக்கும். அதில் கேலி இல்லை, செல்லம்தான். ஆனாலும் முன்கூட்டித் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் எந்தப் பெயரையும் கேலி செய்வார்கள். ரமேஷையும் சுரேஷையும் விடவில்லை. வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு அடங்கிவிடும். பையனுக்குத் தன் பெயரின் கதை தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் அடங்கும். பெயரை மாற்ற வேண்டும் என்று என்னிடம் வருகிற பெரியவர்களைப் பார்த்துச் சொல்கிறேன்: பெயர் அபூர்வமாக இருக்கிறது என்று வருத்தப்பட்டு வந்தவர் எனக்கு நினைவில்லை. வருகிறவர்கள் இரண்டு வகை. பிச்சை, குப்பை, வேண்டாம் என்று மனம் நோகும்படி பெயர் வாங்கியவர்கள் முதல் வகை. அவர்களுக்காக எவ்வளவு அலைந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மற்றவர்கள், ஒரே பெயரை ஆவணத்துக்கு ஆவணம் வேறு வேறு எழுத்தில் வைத்திருப்பவர்கள். கூட்டம் இவர்களுடையதுதான்.

இனி கொற்கை. உங்களுக்கு வருத்தம் வரலாம், இருந்தாலும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். அதை முதல் பெயராக வைக்க வேண்டாம்.

ஊர் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர் போனது, சங்கப் பாட்டில் மணக்க மணக்க வருவது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய், இன்றைக்கு அமைதியான கிராமமாக இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1960களின் கடைசியில் அங்கே தோண்டியது, 2021இல் மறுபடி தோண்டியது. அப்படிப்பட்ட ஊரின் பெயர் ஒரு பிள்ளைக்கு இருப்பது பெருமைதான். ஆனால் செந்திலும் பழனியும் சிதம்பரமும் ஆள் பெயரானது சாமி வழியாக. வேண்டுதல் வைத்து, பிள்ளை பிறந்து, அந்தச் சாமியின் பெயர் என்றே வைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவை ஆண்பிள்ளைப் பெயர்களாகப் பழகிவிட்டன. கொற்கைக்கு அந்த வழி இல்லை. "கொற்கை வந்தாச்சா?" என்று போனில் கேட்டால், பஸ் ஊர் சேர்ந்ததா என்றுதான் அர்த்தமாகும். பையனா பெண்ணா என்றும் பெயரிலிருந்து தெரியாது. தினமும் கூப்பிடும் பெயருக்கு இது கொஞ்சம் தொந்தரவு.

ஆனால் கொற்கை உட்கார வேண்டிய நல்ல இடம் ஒன்று காலியாக இருக்கிறது. நீங்கள் கேட்ட சர்நேம் கட்டம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து போதும் என்று வாழ்ந்துவிட்டோம். அதற்கு முன்னால் நம் ஆட்களை அடையாளம் காட்டியது ஊர். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று சங்கப் புலவர்களில் சிலரை நமக்கு ஊரை வைத்துத்தான் தெரியும். சொந்தப் பெயர் என்ன என்றே தெரியாது. மதுரை சோமு, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்று நம் காலம் வரை அது வந்திருக்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சீர்காழி சிவசிதம்பரம் என்று அறியப்படுகிறார். அப்பாவின் ஊர் மகனுக்கு வந்துவிட்டது பாருங்கள். மேல்நாட்டில் குடும்பப் பெயர் செய்கிற வேலையை இங்கே ஓர் ஊர் செய்கிறது. பாஸ்போர்ட்டில் சாதிப் பெயரைப் போடவும் மனமில்லை, அப்பா பெயரைச் சர்நேம் ஆக்கி வெளிநாட்டில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிடுவதும் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். அடுத்த குழந்தைக்கும் அதே ஊரை வையுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் ஆகிவிடும்.

இதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது உண்டு. நம் ஊரில் 'நீங்க எந்த ஊரு?' என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கும். சில சின்ன ஊர்களின் பெயரைச் சொன்னால் போதும், கேட்டவர் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார். குலதெய்வக் கோவில் இருக்கும் ஊரை அப்படியே சர்நேம் ஆக்குபவர்களிடம் இதைத்தான் எச்சரிப்பேன். பட்டத்தை முன்வாசல் வழியாக அனுப்பிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தது போல ஆகிவிடும். கொற்கை அப்படி இல்லை. அது வரலாற்று ஊர், தமிழர் எல்லோருக்கும் சொந்தமானது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டும் இங்கே பாஸ்போர்ட் வாங்கலாம்தான். ஆனால் அமெரிக்க விசாவில் உங்கள் பையனின் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்று எழுத்தை அச்சடிப்பார்கள். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து ஒட்டிக்கொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை விட மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சீக்கிரமே தளர்த்தினார்கள். அதற்குள் விமான நிலையத்தில் தவித்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். இரண்டு கட்டத்திலும் ஆளுக்கொரு சொல் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் சர்நேம் வேறு வேறாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பெற்றோர் பெயரை விண்ணப்பத்தில் தனியாகக் கேட்பார்கள்.

இப்போது மாமியார். உங்கள் கடிதத்தில் மாமனாரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது உங்கள் புகுந்த வீட்டுப் பக்கம் நெடுநாள் வழக்கம். மூன்று வருடத்துக்கு முன் கணவரை இழந்த அம்மா, பேரன் பிறந்ததும் என்ன எதிர்பார்த்திருப்பார்? வாய் திறந்து கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். 'பழனிச்சாமின்னு வைங்க' என்று சொன்னால் பழைய பெயர் என்று நீங்கள் இருவரும் சிரித்துவிடுவீர்களோ என்ற பயமும் இருந்திருக்கலாம். அதனால் இருக்கிற இரண்டு பெயரையும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இது என் ஊகம்தான். நேரில் கேட்டால் தெரிந்துவிடும். உங்கள் கணவர் கேட்க வேண்டாம், நீங்களே கேளுங்கள்: "அத்தை, மாமா பேரை எங்கயாவது சேர்க்கலாமுன்னு எனக்கு இருக்குது, நீங்க என்ன சொல்றீங்க?" மகன் கேட்பதைவிட மருமகள் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

அவர் ஆமாம் என்றால் என்ன செய்வது? எல்லோர் ஆசையையும் சேர்த்துப் பழனிச்சாமி ஃபாரடே கொற்கை என்று மூன்று சொல்லில் வைத்துவிடாதீர்கள். தேர்வு விண்ணப்பத்தில், டிக்கெட்டில், வங்கிப் படிவத்தில் கட்டம் போதாது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு சொல்லை வெட்டுவார்கள். இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டவே வேண்டாம். வீட்டில் கூப்பிடுகிற பெயர், தாளில் இருக்கிற பெயர் என்று இரண்டு இருப்பது நமக்குப் புதிதில்லையே. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதற்காக, பேரனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டு ராசு, சின்னத்தம்பி என்று கூப்பிட்டு வளர்த்த வீடுகள் எத்தனை! நீங்கள் அதையே திருப்பிப் போடலாம். தாளில் ஃபாரடே கொற்கை, பாட்டி மடியில் பழனி. தொட்டில் போடும் அன்று மூன்று பெயரையும் காதில் சொல்லிவிடுங்கள், முதலில் பாட்டி சொல்லட்டும். தாளிலேயே தாத்தா பெயர் வேண்டும் என்று அவர் மனம் விட்டுக் கேட்டால், 'பழனி' என்று சுருக்கி முதல் பெயராக வைத்து, கொற்கையை இரண்டாவதாக வையுங்கள். ஃபாரடே வீட்டுப் பெயராக இருக்கட்டும். உங்கள் கணவருக்கு மனசு கஷ்டப்படும்தான். ஆனால் அந்த அம்மாவின் இடத்தில் நின்று பார்த்தால், இந்த மூன்று பேரில் அவருக்குத்தான் இது இரண்டாவது முறை கிடைக்காத வாய்ப்பு. உங்கள் இருவருக்கும் இன்னொரு குழந்தை வரலாம். வந்தால் அப்போது ஃபாரடே காத்திருப்பார்.

கொற்கையை விடவே மனமில்லை, முதல் பெயரிலேயே அந்த வாசனை வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கொற்கையில் இருந்த பாண்டியனைச் சிலப்பதிகாரம் வெற்றிவேற்செழியன் என்கிறது. செழியன் கொற்கை என்று சொல்லிப் பாருங்கள். இது உங்கள் மூவரில் யாருமே கேட்காத பெயர் என்பது தெரியும். ஏரலில் இருக்கும் தாத்தாவுக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

எந்தப் பெயரானாலும், நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது அதை எழுதுகிற விதத்தில் கவனமாக இருங்கள் என்பதைத்தான். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழ். பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு எல்லாமே இந்த ஒரு தாளிலிருந்துதான் கிளம்பும். தாளில் பிழை விழுந்தால் எல்லாவற்றிலும் விழும். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் குடும்பப் பெயர். சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; ஒரே உயிரெழுத்துதான் மாறி மாறி உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டில் வேலைக்கு ஆர்டர் வந்த பிறகு, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்தப் பையன் பட்ட பாடு கொஞ்சமில்லை. அபூர்வமான பெயரில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. செந்தில் என்றால் தட்டச்சு செய்பவருக்குக் கை பழகியிருக்கும். ஃபாரடே என்றால் காதில் விழுந்தபடி அடிப்பார்.

அதனால் பெயர் சேர்க்கப் போகும்போது வாயால் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஃபாரடே என்றால் எஃப், ஏ, ஆர், ஏ, டி, ஏ, ஒய். அந்த விஞ்ஞானி எழுதியபடியே ஏழு எழுத்து, ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கொற்கை என்றால் கே, ஓ, ஆர், கே, ஏ, ஐ. நம் றகரத்தைக் காட்ட வேண்டும் என்று நடுவில் டி சேர்க்காதீர்கள். தொல்லியல் அறிக்கைகளிலும் சாலைப் பலகைகளிலும் இருக்கிற எழுத்தே போதும். எண் கணிதம் பார்க்கிறவர் யாராவது கடைசியில் இன்னொரு எழுத்து கூட்டினால் யோகம் என்பார். கேட்காதீர்கள். அப்படிக் கூட்டிய எழுத்தை எடுக்க வருகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன்.

சான்றிதழில் பெயருக்கான இடத்தில் முன்னெழுத்து எதுவும் வேண்டாம். அப்பா பெயருக்கு அங்கே தனி இடம் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது 'இனிஷியல் என்னங்க?' என்று கேட்பார்கள். சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பள்ளியில் எழுத்தோடு, இன்னொரு பள்ளியில் எழுத்தில்லாமல் என்று இருந்தால் அதுவே இரண்டு பெயர் ஆகிவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பார்கள். அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டாவது போய்ப் பாருங்கள், தமிழில் ஃ விழுந்திருக்கிறதா என்பது உட்பட.

பெரியவன் ஆனபின் அவனுக்கே பெயர் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். ஒருவரின் பெயர் அவருடைய அடையாளத்தின் ஒரு பகுதி, அதன் மேல் அவருக்கு உரிமை உண்டு என்று 2021இல் சிபிஎஸ்இ தொடர்பான ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அலைச்சல் உண்டு, ஆனால் கதவு திறந்துதான் இருக்கிறது. சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதலாவது, விழுந்த உடனே கேட்டால் பதிவாளர் அலுவலகத்திலேயே முடியும்.

பெயர் சேர்க்கிற இடத்தில் கணினித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. குழந்தை பெயர், உங்கள் பெயர், கணவர் பெயர், மூன்றையும் இரண்டு மொழியிலும் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகு சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.